காரணம் சொல்லத் தேவையில்லை

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொள்ளக்கூடிய ஒரு நாட்டில், வசந்தகேசரி என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் பயந்துபோயிருந்தான். பகைநாட்டு ஒற்றர்கள் நெற்களஞ்சியத்துக்குத் தீ வைத்ததில் பதினோரு பேர் வெந்து செத்திருந்தார்கள். அதிலிருந்து ராஜாவுக்குத் தட்டு விழுந்தாலும் திடுக்கென்று இருந்தது.

கோட்டைக் காவலின் தலைவனான தளவாய் உக்கிரசேனன் அந்தப் பயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் ஓர் ஓலையை நீட்டினான். ராஜா படித்தும் படிக்காமலும் முத்திரை வைத்தான். ஓலையில் இருந்தது இதுதான்: கோட்டையையோ அதன் வாசலையோ யாரும் படம் வரையக் கூடாது. வரைந்தவரும் அந்தப் படத்தை வைத்திருப்பவரும் நாட்டுக்குக் கேடு நினைப்பவர். வாசலைக் கடக்கும் எவரையும் காவலர் சந்தேகத்தின் பேரில் நிறுத்தலாம், சோதிக்கலாம், அடைக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் கேட்பதே சந்தேகத்துக்கு இடம்.

கடைத்தெருவில் செங்கமலம் என்றொரு பெண் இருந்தாள். தூரத்து ஊரில் வரன் பார்ப்பவர்களுக்குப் பெண்ணின் முகத்தைத் துணியில் கரியால் வரைந்து கொடுப்பது அவள் தொழில். மாறுகண்ணை மாறுகண்ணாகவே வரைவாள். அதனால் சில கல்யாணங்கள் நின்றும் போயின.

ஒருநாள் காலை அவள் கோட்டையின் கிழக்கு வாசல் பக்கம் போனபோது, உப்பு விற்கும் கிழவர் காத்தானை ஒரு காவலன் நிறுத்தி வைத்திருந்தான். கிழவர் மூட்டையை அவிழ்க்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. காவலன் மூட்டையை உதைத்தான். உப்பு தெருவெல்லாம் சிதறியது. பிறகு கழியால் வாயில் ஒன்று போட்டான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செங்கமலம் மட்டும் துணியை விரித்து வரைய ஆரம்பித்தாள்.

"என்னடி வரையறே?" என்றான் காவலன்.

"நடக்கறதை."

அவளை அந்த வாசலுக்கு மேலேயே உள்ள அறையில் அடைத்தார்கள். கோட்டை வாசலை வரைந்தாள் என்பது குற்றம்.

காத்தான் நேரே அரசவை விகடகவி அம்பலக்கூத்தன் வீட்டுக்குப் போனார். உதடு வீங்கி, பேச்சு குழறியது.

"என்னை அடிச்சதைக்கூட விட்டுடுவேன் சாமி. பாத்த ஒரே ஆளை உள்ளே வெச்சுட்டாங்க. மத்தவங்க யாரும் பாக்கலியாம்."

"படம் எங்கே?"

"தளவாய் ஐயா தானே மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டார். வேற யார் கையிலும் குடுக்க மாட்டேங்கிறார்."

அம்பலக்கூத்தன் எப்போதும் சிரித்த முகம். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனான்.

"மன்னர் பெருமானே, ஒரு பெண்ணை அடைத்திருக்கிறார்கள். அவள் வரைந்த படத்தைச் சபை பார்க்க வேண்டும்."

உக்கிரசேனன் எழுந்தான். "கோட்டைப் படத்தைக் காட்டுவது சட்ட விரோதம். விசாரணை நாள்வரை அது என் பாதுகாப்பில் இருக்கும்."

ராஜா அலுப்போடு சொன்னான்: "அம்பலக்கூத்தா, பதினோரு பேர் செத்ததை மறந்துவிட்டாயா? மடியில் மறைக்க ஒன்றுமில்லாதவருக்குச் சோதனையால் என்ன நஷ்டம்?"

"செத்தவர்களை மறக்கவில்லை. ஆனால் களஞ்சியத்தை எரித்தது உப்பு மூட்டை இல்லையே, பெருமானே."

சபையில் சலசலப்பு. ராஜா இவன் பேச்சுக்குச் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். உக்கிரசேனன் அவர்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டுச் சொன்னான்: "காவல் என்றால் வேடிக்கை என்று விகடகவியார் நினைக்கிறார். நாளை ஒருநாள் கிழக்கு வாசலை அவரிடமே கொடுங்கள். பொழுது சாய்வதற்குள் நாட்டுக்குக் கேடு நினைக்கும் ஒருவரையாவது அவர் பிடித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து அறை காலியாகத்தான் இருக்கிறது."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "சம்மதமா?"

"சம்மதம். ஆனால் ஓலையில் உள்ளது உள்ளபடி நடப்பேன். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது."

"அப்படியே நட" என்றான் ராஜா.

மறுநாள் விடிந்ததும் அம்பலக்கூத்தன் கிழக்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு கையில் ஓலை, ஒரு கையில் கழி. கீரைக்காரி வந்தாள், குயவர் வந்தார், காத்தான் வந்தார். எல்லாரையும் கை காட்டி உள்ளே விட்டான்.

ஒரு காவலன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஐயா, இவங்களைச் சோதிக்க வேணாமா?"

"எனக்கு இவர்கள்மேல் சந்தேகம் இல்லை."

"ஏன் ஐயா?"

"காரணம் சொல்லத் தேவையில்லை."

அடுத்து பொக்கிஷ அதிகாரியின் பல்லக்கு வந்தது. அம்பலக்கூத்தன் கழியை நீட்டினான். "இறங்குங்கள். தலைப்பாகையை அவிழுங்கள்."

"நான் யார் தெரியுமா?"

"நன்றாகத் தெரியும். தெரிந்தவர்களை விட்டுவிடு என்று ஓலையில் இல்லை."

தலைப்பாகை அவிழ்ந்தபோது கூடவே ஒரு பொய்க்குடுமியும் கழன்று தெருவில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டே, "எதற்காக இந்த அவமானம்?" என்று அதிகாரி கத்தினார்.

"காரணம் கேட்கிறார். எழுதிக்கொள்ளுங்கள். அடையுங்கள்."

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கொஞ்சம் சந்தோஷமாகவே அடைத்தார்கள். உச்சிப் பொழுதுக்குள் ஏழு சபையோர் வாசலோரக் காவல் அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எழுவருமே காரணம் கேட்டவர்கள்.

செய்தி கேட்டு உக்கிரசேனன் ஓடி வந்தான். "ஓய்! பைத்தியம் பிடித்துவிட்டதா உமக்கு? அவர்களைத் திறந்து விடும்!"

"வாசலைக் கடந்துவிட்டீர், தளவாயே. கைகளைத் தூக்கும்."

"என்னையா? என் ஆட்களே என்னைத் தொடுவார்களா?"

"இன்றைக்கு அவர்கள் என் ஆட்கள்" என்ற அம்பலக்கூத்தன், அவன் இடுப்பில் தானே கைவைத்தான். மடித்த துணி ஒன்று வெளியே வந்தது. அதை அவன் பிரிக்கவில்லை. முக்காலிக்கு அடியில் வைத்துவிட்டுத் தளவாயையும் உள்ளே அனுப்பினான்.

அரண்மனையில் ராஜா தனியாக உட்கார்ந்திருந்தான். சபைக்கு ஒருவரும் வரவில்லை. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, அரண்மனைப் பின்வழியாக வெளியேறிக் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு தானே நடந்து வந்தான். ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். ராஜா வாசலில் கால் வைத்ததும் அம்பலக்கூத்தன் எழுந்து, குனிந்து வணங்கி, கழியைக் குறுக்கே நீட்டினான்.

"பெருமானே, கைகளைத் தூக்க வேண்டும்."

ராஜாவின் கை வாளுக்குப் போனது.

"என்ன காரணம்? சொல்!"

"சொல்லத் தேவையில்லை என்று எழுதி, தங்கள் முத்திரைதான் வைக்கப்பட்டிருக்கிறது."

"உன் தலை கழுத்தில் இருக்காது."

"இருக்கட்டும், போகட்டும். மடியில் மறைக்க ஒன்றுமில்லாதவருக்குச் சோதனையால் என்ன நஷ்டம் என்று தாங்களே கேட்டீர்கள். இந்தத் தெருவில் தினமும் நூறு பேர் கையைத் தூக்கி நிற்கிறார்கள், மகாராஜா. அவர்களில் ஒருவருக்கும் இடுப்பில் வாள் கிடையாது."

நீட்டிய கழியை அம்பலக்கூத்தன் இறக்கவில்லை.

ராஜாவின் காது சிவந்தது. தன் ஜனங்களுக்கு நடுவே, ஏன் என்று தெரியாமல், ஒருவன் சொன்னதற்காக நிற்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. பிறகு வாளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தூக்கினான்.

மடியில் ஒரு சிறு பொட்டலம் கற்கண்டு இருந்தது.

"வைத்தியருக்குத் தெரிய வேண்டாம்" என்றான் ராஜா மெல்ல.

"ஓலையில் வைத்தியரைப் பற்றி ஒன்றுமில்லை" என்று அம்பலக்கூத்தன் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தான். "போகலாம், பெருமானே. ஆனால் பொழுது சாய்வதற்குள் தளவாய் கேட்ட ஆளைப் பிடித்துவிட்டேன். கோட்டைப் படத்தை மடியில் வைத்திருந்தவர்."

உக்கிரசேனன் உள்ளிருந்து கத்தினான்: "அது வழக்கின் சான்று!"

"யாருமே பார்க்கக் கூடாத சான்று. நானும் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இந்த நாட்டில் ஒருவருக்குத்தான் இருக்கலாம்." அம்பலக்கூத்தன் துணியை ராஜாவிடம் நீட்டினான்.

ராஜா பிரித்துப் பார்த்தான். கோட்டை வாசல் என்று அதில் இருந்தது இரண்டே கோடு. மற்றதெல்லாம் சிதறிய உப்பு, ஓங்கிய கழி, ஒரு கிழவரின் வாய், அடிப்பவன் முகம். அந்த முகத்தை ராஜாவுக்குத் தெரிந்திருந்தது.

"தளவாயே, இவன் உன் மைத்துனன் அல்லவா?"

உக்கிரசேனன் கதவை விட்டுப் பின்னால் நகர்ந்தான்.

ராஜா எழுத்தாணி வரவழைத்து, அங்கேயே நின்று ஓலையில் மூன்று வரிகளை அடித்தான். படம் வரையத் தடை போயிற்று. காரணம் கேட்பது குற்றமென்பதும் போயிற்று. காவலர் காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று கீழே எழுதினான். சோதனையை மட்டும் எடுக்கவில்லை; களஞ்சியத்தின் புகை இன்னும் அவன் மூக்கில் இருந்தது. தளவாய் பதவி இழந்தான். மைத்துனன், ஊர் பார்க்க, காத்தானின் மூட்டையை ஒரு மாதம் சுமந்தான்.

ஏழு சபையோரையும் திறந்துவிட்டு, செங்கமலத்தை இறக்கிக் கொண்டுவந்தார்கள். ராஜா குரலைத் தணித்துக் கேட்டான்: "அம்மா, உனக்கு நடந்தது தவறு. என்னை ஒரு படம் வரைந்து தருவாயா?"

"ஏற்கெனவே வரைஞ்சுட்டேன், மகாராஜா. மேலே சன்னல் இருந்துச்சு. கரியைக் கொண்டையில சொருகியிருந்ததை இவங்க பாக்கல."

முந்தானையை விரித்துக் காட்டினாள். கையைத் தூக்கிக்கொண்டு ராஜா, எதிரே கழியோடு விகடகவி, கீழே கிடக்கும் வாள்.

ராஜா குனிந்து பார்த்தான்.

"என் மூக்கு இவ்வளவு பெரிதா?"

"கோவத்துல விடைச்சிருந்துச்சு. இருந்தபடிதான் வரைஞ்சேன்."

ராஜா சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலக்கூத்தனுக்குப் போட்டான். செங்கமலத்துக்குப் பட்டுப்புடவை ஒன்று கொடுத்து, அந்த முந்தானைத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அதைக் காவலர்கள் கழி எடுக்கும் அறையின் சுவரில் மாட்டச் சொன்னான். தினமும் காலையில் அந்தப் படத்தின் முன்னால் நின்றுதான் அவர்கள் கழியைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது.