பை மட்டும் புறப்பட்டது

“அம்மா, இந்த நாட்டை எதுக்கு இவ்வளவு பெரிசா வச்சிருக்காங்க?”

ஆவுடையப்பன் வாத்தியார் இந்தக் கேள்வியோடுதான் மடத்துக்குள் வந்தார். காலில் செருப்பு, கையில் நோட்டு.

மரகதம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஜங்ஷனுக்குப் பின்தெருவில் அவருடைய மடம். ரயிலுக்கு வருகிறவர் போகிறவர் யாராக இருந்தாலும் மதியம் சோறு உண்டு. வாத்தியாரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் வாத்தியாருக்கு அவர்தான் குரு. குருவுக்கு இவர் அண்ணாச்சி.

“செருப்பு, அண்ணாச்சி.”

வாத்தியார் வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

“காஷ்மீர்னு முடிவு பண்ணுதேன். உடனே ராஜஸ்தான் மணலை விட்டுட்டுப் போறதான்னு தோணுது. சரி மணல்தான்னா, அஸ்ஸாம் ஆறு கூப்பிடுது. ஒண்ணைத் தொட்டா ஒம்பது விட்டுப்போகுது. என்னால முடியல. நீங்களே ஒரு ஊர் சொல்லுங்க.”

“செங்கோட்டை.”

“செங்கோட்டையா? அது பக்கத்துலல்லா இருக்கு!”

“ஊர் சொல்லச் சொன்னீங்க. சொன்னேன்.”

முப்பது வருஷம் இந்தியப் படத்தில் பிரம்பை வைத்துப் பிள்ளைகளுக்கு ஊர் காட்டியவர் இந்த மனுஷன். மதுரைக்கு வடக்கே கால் வைத்ததில்லை. ரிட்டயர் ஆன அன்றைக்கு மனைவி உலகம்மாளிடம், “நாட்டைச் சுத்திக் காட்டுதேன் பாரு” என்று மார்தட்டியாகிவிட்டது.

ஆடியில் கண் டாக்டர் உலகம்மாளிடம் சொன்னார். “பார்வை மாசத்துக்கு மாசம் குறையும்மா. எதையாவது பார்க்கணும்னு ஆசை இருந்தா இப்பவே பார்த்துருங்க.”

ஆவணியில் நாள் குறித்தாயிற்று. ஊர்தான் முடிவாகவில்லை. நாள் தவறக்கூடாதே என்று வாத்தியார் பரஸ்தானம் வைத்தார். அதாவது, நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால் பையை மட்டும் கிளப்பி வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. பை புறப்பட்டால் பயணம் புறப்பட்ட மாதிரி. ரெண்டு மூணு நாளில் ஆளும் கிளம்பிவிட வேண்டும்.

பை மடத்துக்கு வந்தது. இப்போது மார்கழி.

“பையை எலி கடிக்கப் பார்க்குது அண்ணாச்சி. நாலு மாசமா எலி விரட்டுறதே எனக்கு வேலையாப் போச்சு.”

“இன்னும் ஒரே ஒரு வாரம்மா. ஊரு, வண்டி நேரமெல்லாம் குறிச்சு இந்த நோட்டு முடிஞ்சுரும்.”

“எத்தனையாவது நோட்டு?”

“அஞ்சாவது.”

மரகதம்மா பெருமூச்சு விட்டார். “மதினி என்ன சொல்லுதா?”

“அவளா? எங்கேன்னாலும் சரிங்கா! அது ஒரு பதிலா? எரிச்சல்தான் வருது. எல்லாத்தையும் என் தலையிலயே கட்டிருதா.”

“நேத்து மதினி இங்க வந்திருந்தா. தட்டுல வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் கிடந்துது. ரெண்டும் ஒண்ணாத் தெரியுதும்மான்னா.”

வாத்தியார் நறுக்காத வெண்டைக்காய் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“போன மாசம் நல்லாத் தெரிஞ்சுதே அவளுக்கு.”

“போன மாசம் நீங்க எங்க இருந்தீங்க?”

வாத்தியார் நோட்டைப் பார்த்தார். “சிக்கிம்ல.”

சொன்ன பிறகுதான் அவருக்கே வெட்கமாக இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பயமா இருக்கும்மா. அவ கண்ணால பார்க்கப் போற கடைசி ஊரா அது இருக்கலாம். நான் ஒண்ணைக் காட்டி, அது ஒண்ணுமில்லாமப் போயிட்டா? இதுக்குத்தானா கூட்டிட்டு வந்தீங்கன்னு அவ கேட்டா?”

“கேப்பாளா?”

“கேக்க மாட்டா. அதுதான் இன்னும் பயம்.”

மரகதம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

“உள்ளே மூலையில பை இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

வாத்தியார் போனார். மூலையில் பை இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் சுத்தமாக இருந்தது.

“அம்மா, பையைக் காணோம்!”

“எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“விளையாடாதீங்கம்மா!” குருவிடம் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மரகதம்மா கோபித்துக்கொள்ளவில்லை. இடுப்பில் செருகியிருந்த செல்ஃபோனை எடுத்து, ஒரு நம்பரை அழுத்தி, அவரிடம் நீட்டினார்.

ஃபோனுக்குள் ஒரே இரைச்சல். யாரோ வடை விற்றுக்கொண்டு போனார்கள். அப்புறம் உலகம்மாள் குரல்.

“அம்மா, ஏறிட்டேன்.”

“உலகு! எங்க இருக்கே?”

“நீங்களா? வண்டியில இருக்கேன். ஜன்னலோரம்.”

“எந்த வண்டி? எந்த ஊருக்கு?”

“அடுத்த வண்டி எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் ரெண்டு டிக்கெட்னு கேட்டேன். பேரு என்னமோ சொன்னாங்க. வாயில நுழையல.”

“போர்டைப் பாருட்டி!”

“பார்த்தேன். எழுத்து தெரியல.”

வாத்தியார் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டைப் புரட்டினார். “இரு, இரு. இந்நேரத்துக்கு வடக்கே ரெண்டு வண்டி. ஒண்ணு…”

“ஏங்க.”

“என்ன?”

“பையில உங்க துண்டு இருந்துது. பக்கத்துல போட்டு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். ஒருத்தர் வந்து நிக்காரு. ஆள் வருமா வராதான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

வண்டி ஊதியது. ஃபோனிலும் கேட்டது, பின்தெருவிலும் கேட்டது.

“அவருக்கு என்ன சொல்லட்டும்?”