முட்டை புதைத்த மேடு

நிக்கோபார்த் தீவில், கடலோரக் காட்டுக்குள் குடிசை போட்டிருந்த காவேரியம்மாளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் மாசிலாமணி. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். மனைவி இறந்த கையோடு, ஆறு வயது மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர். ஒன்பது வருஷமாகக் காவி கேட்கிறார். அம்மாள் கொடுத்தபாடில்லை.

அன்று காலை முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"அம்மா, எனக்குத் தெளிஞ்சுடுச்சு. காட்டுல கோழி மாதிரி ஒரு பறவை. மண்ணைக் குவிச்சு, முட்டையைப் புதைச்சுட்டுப் போயிடுது. அடைகாக்கிறதே இல்ல. குஞ்சு தானே மண்ணைக் கிளறிக்கிட்டு வருது, தானே ஓடுது. பறவைக்கே பந்தபாசம் வேண்டியிருக்கல. என் மக மட்டும் அண்ணன் வீட்டுல வளராமலா போயிடுவா?"

ஒன்பது வருஷத்தில் அவர் மகளைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தன் பக்கம் பேச ஒரு பறவை கிடைத்ததும் மனிதருக்கு அத்தனை தைரியம்.

அம்மாள் அவரை அழைத்துப்போய், அந்த மேட்டுக்கு எதிரே ஒரு தாழம்புதருக்குப் பின்னால் உட்காரவைத்தார். கொசு பிடுங்கி எடுத்தது. உச்சிவெயிலில் பறவை வந்தது. அலகை மண்ணுக்குள் நுழைத்துச் சற்று நின்றது. பிறகு காலால் மேல்மண்ணைக் கொஞ்சம் தள்ளிவிட்டது.

"என்னம்மா பண்ணுது?"

"சூடு பாக்குது. கூடிப்போனா மண்ணைத் தள்ளும். குறைஞ்சா இலைதழையை இழுத்துப் போடும்."

"தினமுமா?"

"குஞ்சு வெளிய வர்ற வரைக்கும்."

 பறவை போன பிறகும் மாசிலாமணி எழுந்திருக்கவில்லை.

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு விட்டுட்டு வந்தேம்மா."

"ஊத்தினது உங்க அண்ணி."

"அடுத்த கப்பல்லயே போயிடறேன். மகளைப் பாக்கணும்."

"போங்க."

"அப்பா வந்திருக்கேன்னு சொல்லலாமில்ல?"

அம்மாள் சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நீங்க எதுவும் சொல்லாதீங்க. இவரு யாருன்னு அந்தப் பொண்ணு உங்க அண்ணியைக் கேக்கும். அவங்க யாருன்னு சொல்றாங்களோ, அதுதான் நீங்க."