பழைய முகவரியில் ஒருவர்

அருளப்பன் அந்த மருத்துவமனையின் கணினி வலையமைப்பை இருபது வருடங்களாகப் பார்த்துவந்தார். ஐம்பத்தொன்றாவது வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். பெயர் செண்பகலட்சுமி. அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

எல்லாக் கருவிகளையும் புதிய இணைய முகவரி முறைக்கு மாற்றுவதற்காக நிர்வாகம் செண்பகலட்சுமியை வரவழைத்திருந்தது. அருளப்பன் கூடவே இருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு.

செண்பகலட்சுமி ஒவ்வொரு கருவிக்கும் புது முகவரி கொடுத்தார். பழையதைப் பிடுங்கவில்லை. பழைய முகவரிகளுக்கான பாதையும் புதியவற்றுக்கான பாதையும் சேர்ந்தே ஓடின. ஏழு மாதமாகியும் அப்படியே.

அருளப்பனுக்குச் சந்தேகம் வந்தது. தான் எழுதிய பட்டியலில் இருந்த ஆயிரத்து எண்ணூறு கருவிகளும் மாறிவிட்டன. பிறகு பழைய பாதை எதற்கு? தினமும் காலையில் இந்தம்மா மட்டும் சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாரே, அங்கே என்ன வேலை?

நிர்வாகிக்கு ஒரு புகார் எழுதினார். அனுப்புவதற்கு முன் செண்பகலட்சுமியிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று போய்ச் சர்வர் அறைக் கதவைத் தட்டினார்.

"கதவை ஏன் மேடம் சாத்தி வைக்கிறீங்க?"

"ஏசி காத்து வெளிய போயிடும் சார்."

"பழைய பாதையை மூட ஏன் இவ்வளவு நாள்?"

செண்பகலட்சுமி கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். பழைய பாதையில் யார் யார் வந்துபோகிறார்கள் என்ற பதிவு அது. நாளுக்கு ஒரே ஒரு வரி. காலை பதினொரு மணிக்கு ஏதோ ஒரு முகவரி எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

அருளப்பன் அதைத் தன் பட்டியலில் தேடினார். இல்லை.

"எவனோ உள்ள புகுந்திருக்கான். உடனே தடுத்துடலாம் மேடம்."

"தடுக்கலாம். அதுக்கு முன்னாடி யாருன்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்க."

ஆள் யாரோ இருப்பான் என்றே நினைத்துக்கொண்டு அருளப்பன் அந்த முகவரி வந்துசேரும் வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அது இரண்டு மாடி இறங்கி, இரத்த வங்கிக்குள் நுழைந்து, குளிர்பெட்டிக்குப் பின்னால் முடிந்தது. அங்கே சுவரில் தூசி படிந்த சின்னப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தது.

"இது என்னம்மா?" என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டார்.

"ஃபிரிட்ஜ்ல சூடு ஏறினா மேல நர்ஸ் ரூம்ல மணி அடிக்கும் சார். தினம் பதினொரு மணிக்கு லைன் சரியா இருக்கான்னு ஒரு தடவை தானே பார்த்துக்கும். போன வருஷம் மோட்டார் நின்னப்ப இதுதான் கூப்பிட்டுச்சு. இல்லன்னா அத்தனை ரத்தமும் வீணாப்போயிருக்கும்."

அருளப்பன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தன் பட்டியலின் அடியில் அந்தப் பெட்டியையும் எழுதிச் சேர்த்துக்கொண்டு, மேலே போய்ச் செண்பகலட்சுமியிடம் சொன்னார்.

அந்தப் பெட்டிக்குப் புது முகவரி புரியாது. அதற்காகச் செண்பகலட்சுமி அதைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அது பழைய முறையில் சொல்வதைப் புதிய முறைக்கு மாற்றிச் சொல்லும் சிறு கருவி ஒன்றை நடுவில் பொருத்தினார். மேலே மணி அடிக்கிறதா என்று மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் அடித்தது.

"உங்க மேல ஒரு புகார் எழுதினேன் மேடம்," என்றார் அருளப்பன்.

"அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

"கிழிச்சுடாதீங்க. நான் அவசரப்படுற அன்னைக்கு அனுப்புங்க."

மறுநாள் பதினொரு மணிக்குப் பழைய பாதையில் ஒரு வரிகூட விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. ஒரு வாரம் கழித்து அருளப்பன் சர்வர் அறைக்கு வந்தார்.

"இப்ப மூடிடலாமா மேடம்?"

"யாரும் வர மாட்டாங்கன்னு உங்களுக்குத் தோணுதா?"

"தோணுது. ஆனா உறுதியாத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்," என்றபடி செண்பகலட்சுமி ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "உட்காருங்க. இன்னும் கொஞ்ச நாள் சேர்ந்தே பார்ப்போம்."