ஊருணிக்கு மேலே ஒரு கட்டடம்

நீலியம்பாறை அடிவாரத்தில் செங்கமலத்தம்மா நடத்திய ஆசிரமத்தில், அவரைவிட வயதில் மூத்த சீடர் ஒருவர் இருந்தார். தெய்வசிகாமணி என்று பெயர். மதுரைப் பக்கம் கட்டட கான்ட்ராக்டராக இருந்தவர். மனைவி காலமான பிறகு ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தார். அவர் செங்கமலத்தம்மாவை "அம்மா" என்பார். அம்மா அவரை "ஐயா" என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

அந்த வருடம், வெளியூர்களிலிருந்து வரும் பெண்கள் தங்குவதற்கு ஒரு விடுதி கட்ட ஆரம்பித்தார்கள். பொறுப்பு முழுக்க ஐயாவிடம். பாறைச் சரிவை வெட்டிச் சமன் செய்ததில் செம்மண் ஒரு குன்று போலக் குவிந்துவிட்டது. சரிவுக்கு நேர் கீழே ஊருணி. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் குடிதண்ணீர் அதுதான். அதில் சேறு இறங்கிவிட்டால் தெளிய மாதக்கணக்காகும். அதுவரை சனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடக்க வேண்டும்.

அதனால் அனுமதி கொடுக்கும்போதே மாவட்ட அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மழைக்கு முன்னால் மண்தடுப்புத் துணி கட்டியிருக்க வேண்டும். மண்குவியலை மூடியிருக்க வேண்டும். வேலை நடக்கிற இடத்துத் தண்ணீர் நேராக ஊருணிக்குள் போகக் கூடாது. அதிகாரி வந்து பார்ப்பார்.

அதிகாரி வருவதாக இருந்த நாளுக்கு முந்தின நாள் காலையில் ஐயாவின் கைபேசி அடித்தது. பேசி முடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. நேரே சமையல்கட்டுக்குப் போனார். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, தப்பிச்சோம்."

"யார்கிட்ட இருந்து?"

"நாளைக்கு அதிகாரி வரலையாம். பெரிய மழை வருதுன்னு அறிவிப்பு. ஆய்வை ஒத்திவச்சுட்டாங்க."

"மழையையும் ஒத்திவச்சுட்டாங்களா?"

ஐயாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"துணி கட்டியாச்சா ஐயா?"

"வாங்கி வச்சிருக்கேன். முன்னாடியே கட்டினா லாரி வர்றப்பவும் போறப்பவும் கிழிச்சுப்புடும். அதான், அதிகாரி வர்ற அன்னிக்குக் காலையில கட்டிக்கலாம்னு..."

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வாங்க."

தகரக் கொட்டகையில் கிடந்த துணிச்சுருளை இரண்டு பேரும் தூக்கி வந்து சரிவின் கீழ்ப்பக்கம் விரித்தார்கள். பாதி தூரம் போவதற்குள் துணி முடிந்துவிட்டது.

"மிச்சம் எங்கே?"

"இவ்வளவுதாம்மா வாங்கினேன்."

"எதை அளந்து வாங்கினீங்க?"

"ரோட்டுப் பக்கத்தை," என்றார் ஐயா. "ஜீப்பை விட்டு இறங்கினதும் கண்ணுல படுற பக்கம் அதுதானே."

"ஊருணி எந்தப் பக்கம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அம்மா போய் மண்வெட்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

கொத்தனார் ஆட்களும் ஆசிரமத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். இருந்த துணியை ஊருணிப் பக்கம் இழுத்துக் கட்டினார்கள். துணி எட்டாத இடத்துக்கு, காலி சிமென்ட் சாக்குகளில் மணலை அள்ளிப் போட்டு அடுக்கினார்கள். மண்குவியலை மூட ஒன்றும் இல்லை. அம்மா பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பந்தல் போடுகிற தார்ப்பாயைக் கொண்டுவரச் சொன்னார்.

"அம்மா, இதைச் சேத்துல போட்டுட்டா கூட்டத்துக்கு வர்றவங்க எங்க உக்காருவாங்க?" என்றாள் ஒரு பெண்.

"நனையட்டும். காஞ்சுருவாங்க."

பிற்பகலில் வானம் கருத்தது. காற்று நின்றது. முதல் சொட்டுகள் சாக்குகளின் மேல் காசு அகலத்துக்கு விழுந்தன. பிறகு கண் தெரியாமல் கொட்டியது.

வெட்டின சரிவிலிருந்து செந்தண்ணீர் பல கால்களாக இறங்கி வந்து தடுப்பில் முட்டியது. துணி கட்டிய பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. கீழ்மூலையில், எல்லா ஓட்டமும் வந்து சேர்கிற இடத்தில், சாக்குகள் வழுக்க ஆரம்பித்தன. முதலில் ஒன்று நகர்ந்தது. அடுத்தது அதன் மேல் சரிந்தது.

ஐயா ஓடிப்போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார். முதுகைச் சாக்குகளில் கொடுத்து, இரண்டு கால்களையும் எதிரே இருந்த பாறையில் ஊன்றிக்கொண்டார். பின்னால் தண்ணீர் ஏற ஏற அதன் பாரம் முதுகுத்தண்டில் தெரிந்தது. ஒரு மாட்டைச் சாய்த்து வைத்தது போல இருந்தது. அம்மா மண்ணை அள்ளி அள்ளி அவருக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நனைந்த சேலை அவர் காலைச் சுற்றிக்கொண்டது. அதை உதறிவிட்டு மறுபடியும் அள்ளினார்.

"அம்மா, தாங்குமா?" என்று மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினார் ஐயா.

"தெரியலை ஐயா!"

தாங்கும் என்று சொல்வார் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அம்மா எது சொன்னாலும் நம்பக்கூடிய நிலையில் இருந்தார். ஆனால் அந்தத் "தெரியலை"யைக் கேட்ட பிறகு அவர் வேறெதையும் கேட்கவில்லை. கால்களை இன்னும் நன்றாக ஊன்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை விட்டது. தேங்கிய தண்ணீர் மண்ணை அங்கேயே படியவிட்டு, சாக்குகளின் இடுக்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இறங்கியது. ஐயாவால் எழுந்திருக்க முடியவில்லை. கொத்தனார் ஒரு கையையும் அம்மா ஒரு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

விடிந்ததும் அவர் யாரிடமும் சொல்லாமல் ஊருணிக்கு இறங்கினார். வழியெல்லாம் ஓடை ஓடிய தடம். இருட்டில் எங்காவது ஒரு சாக்கு பெயர்ந்திருந்தால்? யாரும் பார்க்காத மூலையில் சேறு வழிந்து போயிருந்தால்? கரையேறும்போது கடைசி அடிகளைத் தலை நிமிராமலேயே வைத்தார்.

பிறகு பார்த்தார்.

தண்ணீர் ஏறியிருந்தது. மேலே சருகுகள் மிதந்தன. உள்ளே இறங்கிப் போகிற கற்படிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரிந்தன.

ஐயா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே விளங்கவில்லை. இடுப்பில் குடத்தோடு வந்த ஒருத்தி பின்னால் நின்று கனைத்தாள்.

"என்ன சாமி, தண்ணி எடுக்க வந்தீகளா, உக்கார வந்தீகளா? வழிய விடுங்க."

அவர் அவசரமாக ஒதுங்கிக்கொண்டார். அவள் சருகை விலக்கிக் குடத்தை முக்கினாள்.

"தண்ணி எப்படி இருக்கு தாயி?"

"எப்பவும் போலத்தான் இருக்கு. அதுக்கென்ன?"

அவளைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. "எப்பவும் போலத்தான் இருக்கு, எப்பவும் போலத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தபடியே மேலேறி வந்தார். வந்ததும் இரண்டு சொம்பு கஞ்சி குடித்துவிட்டு, பட்டப்பகலில் படுத்துத் தூங்கினார்.

சில நாள் கழித்து, வானம் வெளுத்த பிறகு அதிகாரி வந்தார். நசீமா என்று பெயர். ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு முதலில் ஊருணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கீழேயிருந்து சரிவில் ஏறியே வந்தார். சேறு அப்பிய காலோடு தடுப்பை ஒட்டி நடந்தார். கீழ்மூலையில் நின்றார்.

"இந்த இடம் எப்படி சார் தாக்குப் பிடிச்சது?"

ஐயா சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. நசீமா கடைசி வரை கேட்டார்.

"பெரிய விஷயம் சார்," என்றார். "ஆனா இந்த மூலையில வண்டல் தேங்க ஒரு குழி வெட்டணும். குழிக்குக் கீழே கல் அடுக்கிக் கரை கட்டணும். துணி சுத்திலும் வேணும், பாதியில நிக்கக் கூடாது. இதெல்லாம் முடியற வரைக்கும் மேலே மண் வெட்டாதீங்க. குறைகளை எழுதி அனுப்பறேன். முடிச்சதும் சொல்லுங்க, திரும்ப வர்றேன்."

"ஒரு சொட்டு சேறு கீழே இறங்கலையேம்மா!"

"இறங்கலை சார். பார்த்துட்டுத்தான் வந்தேன்."

ஜீப் போன பிறகும் ஐயா அந்த மூலையிலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு அம்மாவைத் தேடிப் போனார். அம்மா கிணற்றடியில் தார்ப்பாயைக் கழுவி விரித்திருந்தார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க. அந்தப் பக்கம் பிடிங்க, மடிச்சிரலாம்."

ஐயா இரண்டு முனைகளைப் பிடித்தார். குனிந்து நிமிர்வதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"மழை வந்து பார்த்துச்சு, குறை சொல்லலை. ஊர்ச்சனம் பார்த்துச்சு, குறை சொல்லலை. அந்தம்மா மட்டும் வேலையை நிறுத்திட்டுப் போயிருக்காங்க. நாம தேறினோமா, இல்லையா?"

அம்மா நாலு எட்டு முன்னால் வந்து முனையோடு முனை சேர்த்தார். மறுபடி பின்னால் போனார்.

"அன்னிக்கு அந்த மூலையில என்ன இருந்துச்சு?"

"மூட்டைங்க."

"மூட்டைக்கு முட்டு?"

"என் முதுகு."

"இப்ப அது எப்படி இருக்கு?"

"வலிதாம்மா. ராத்திரி புரண்டு படுக்க முடியலை."

"அந்த எடத்துல என்ன வைக்கச் சொல்லியிருக்காங்க?"

"கல்லு."

அம்மா கடைசி மடிப்பை மடித்துத் தார்ப்பாயைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"உங்க முதுகை எந்திரிச்சு வரச் சொல்லியிருக்காங்க ஐயா."