முதுகுப் பக்கத்து ஜிப்

தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை. சித்திரை வெயிலில், ரப்பர் உடுப்பு போட்டால்தான் கடலில் இறங்கலாம் என்று ஒரு மனுஷர் சட்டம் போட்டார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டி அது. சட்டம் போட்டவர் கிளப் தலைவர் வேதமாணிக்கம். குளிர்நாட்டுக் கடலுக்கென்று தைத்த வெட்சூட் என்கிற அந்த ரப்பர் உடுப்பை இறுக்கிப் போட்டுக்கொண்டு மைக்கோடு நின்றார்.

பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் செல்வமரியாளுக்கு இதுதான் முதல் போட்டி. இதே கடலில் மாதக்கணக்காக நீந்திப் பழகியவள்.

“வெட்சூட் இல்லையா? ஓரமா நில்லும்மா. பாதுகாப்பு முக்கியம். அது இல்லாம ஒருத்தரும் இந்தக் கயித்தைத் தாண்டக் கூடாது” என்று மைக்கிலேயே விரட்டினார்.

அவள் போட்டி எல்லைக்குக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றாள். மற்றவர்கள் வெட்சூட்டோடு தண்ணீர் ஓரம் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் தலைவருக்கு உடுப்புக்குள்ளே வெந்தது. ஜிப் முதுகில் இருந்தது; அதை இழுக்கிற நாடா உள்ளே மாட்டிக்கொண்டது. பக்கத்தில் அவளைத் தவிர ஆள் இல்லை.

“ஏம்மா, இந்த ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி விடு.”

“கயித்துக்குள்ள நிக்கீங்களே சார். சூட்டைக் கழட்டிட்டா உங்க பாதுகாப்பு என்ன ஆகும்?”

“இந்த வெயில்ல எவன் இதைப் போடுவான்? கடலே வெந்நீரா கிடக்கு. இழும்மா.”

“அதை மைக்கில சொல்லுங்க. இழுக்கிறேன்.”

வேறு வழியில்லாமல் அதையே மைக்கில் சொன்னார்.

அவள் கை வைப்பதற்குள், தண்ணீர் ஓரத்தில் ஒருவர் முதுகு ஜிப்பை ஒருவர் இழுக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது.