மலைமேல் ஒரு கடலோர உண்ணி

"மேடம், ஒரே ஒரு உண்ணி என் ஆராய்ச்சியைக் கெடுக்குது" என்றார் தங்கமாரியப்பன்.

கால்நடை மருத்துவராக ஊர் ஊராக வேலை பார்த்து, தலை நரைத்தபின் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவர் அவர். வழிகாட்டும் ஆசிரியை ஜைனப்புக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"என்ன செய்யுது?"

"கடலோரத்து நாய்கள்ல எடுத்த உண்ணிகளுக்கு ஒரு மரபணு. மலை நாய்கள்ல எடுத்ததுக்கு வேற. கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான், உள்ளே ரெண்டு வம்சம். இது மட்டும் மலையில எடுத்தது, ஆனா கடலோர வம்சம்."

"மறுபடி சோதிச்சீங்களா?"

"பல தடவை. அதேதான் வருது."

"என்ன செய்யப் போறீங்க?"

"இதைக் கணக்குல இருந்து எடுத்துரலாம்னு இருக்கேன். வெச்சிருந்தா, குப்பி மாறிப்போச்சும்பாங்க. இது ஒண்ணால என் மொத்த உழைப்பு மேலயும் சந்தேகம் வரும்."



"அந்த நாய் எங்கே இருக்கு?" என்று கேட்டார் ஜைனப்.

"தேயிலைத் தோட்டத்துல. தொழிலாளிங்க வரிசை வீடு இருக்கே, லயன், அதுல ஒரு வீட்டு நாய்."

"போய்ப் பார்ப்போம், டாக்டர்."

மறுநாள் பஸ் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குக் குமட்டியது. ஜைனப் ஓர் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார்.

லயனில், வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள் வீட்டுக்காரி பிரகாசி. பக்கத்தில் அந்தக் கறுப்பு நாய்.

"இந்த நாய் எங்கேயிருந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டார் தங்கமாரியப்பன்.

"இங்கேயே பிறந்தது சார். போன தடவையும் இதைத்தான கேட்டீங்க."

"வெளியூர் நாய் ஏதும் வந்து தங்கிச்சா?"

"நானறிய இப்ப எதுவும் வரலியே."

அவர் திரும்பி ஜைனப்பைப் பார்த்தார். ஜைனப் படியில் உட்கார்ந்து, கீரைக் கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

பிரகாசியின் கை நின்றது.

"மணப்பாடு" என்றாள். "கடக்கரை. இவரைக் கட்டிக்கிட்டு இங்க வந்தேன். வீட்டுல யாருக்கும் சம்மதமில்ல. வழியனுப்பக்கூட ஒருத்தரும் வரல. நாங்க வளர்த்த செவலை மட்டும் பின்னாலேயே ஓடி வந்துச்சு. கருவாட்டு லாரியில ஏறினோம், அதுவும் தாவி ஏறிருச்சு."

"செவலை?"

"நாய்தாம்மா. செத்து வருசம் பல ஆச்சு. குளிர் தாங்காம அடுப்புச் சுவரோரமே கெடக்கும். இப்ப அந்த எடத்துலதான் இந்தக் கறுப்பன் படுக்கான்."

தங்கமாரியப்பன் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனார். முட்டிபோட்டு டார்ச் அடித்தார். சுவர் கதகதப்பாக இருந்தது. விரிசலுக்குள் பெரிதும் சிறிதுமாக உண்ணிகள் ஒண்டியிருந்தன.



நெற்றியில் கரியோடு வெளியே வந்தார். இடுக்கி முனையில் ஓர் உண்ணி. அதைக் குப்பியில் போடவில்லை.

"உங்க ஊர் உண்ணிம்மா இது. செவலைகூட வந்ததோட வாரிசு. இந்த அடுப்புச் சூட்டுலயே தலைமுறை தலைமுறையா பொழைச்சிருக்கு."

பிரகாசி உள்ளங்கையை நீட்டி வாங்கினாள். கையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எங்க ஆளுக ஒருத்தரும் இந்தப் படி ஏறலன்னுல்ல இத்தனை காலம் நெனச்சிருந்தேன்."

பிறகு எழுந்து போய் அதை அடுப்பில் போட்டாள்.

"ஊர்க்காரன்தான். அதுக்காக நாயைக் கடிக்க விட முடியுமா?"

மூவரும் சிரித்தார்கள். பிரகாசி காப்பிக்குத் தண்ணீர் வைத்து, கருப்பட்டியை உடைத்தாள்.

தங்கமாரியப்பன் உட்காரவில்லை.

"கடைசி பஸ் எப்பம்மா?"

"பொழுது சாயத்தான் சார். நிறைய நேரம் கெடக்கு."

"மேடம், நீங்க காப்பி குடிங்க. வந்துர்றேன்."

இடுக்கியையும் குப்பிகளையும் பைக்குள் வைத்து மூடி, அதை ஜைனப்பின் பக்கத்தில் விட்டுவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்.

அங்கிருந்த ஆள் அவரை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தான்.

"நாய் பின்பக்கம் கட்டிக் கெடக்கு, சார்."

"இருக்கட்டும்ங்க. நான் உங்ககிட்டப் பேசத்தான் வந்தேன். நீங்க எந்த ஊரு?"