கோடு விழாத பற்கள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எலும்பைப் படிக்கத் தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர்.

குருவின் பெயர் எப்சிபா. வெள்ளூத்துப் பரம்பு என்கிற மேட்டு நிலத்தைத் தோண்டத் தோண்ட, பழங்கால மனிதர்கள் தாழி தாழியாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய எலும்பையும் பல்லையும் ஆராய்வது அவர் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சீடர் குற்றாலிங்கம் பக்கத்து டவுனில் பல் டாக்டர். டவுனில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைப் பிளந்து படுத்தவர்கள். ஒரு நாள் அகழாய்வை வேடிக்கை பார்க்க வந்தவர், குழிக்குள் ஒரு தாடையைப் பார்த்ததும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமே கிளினிக்கை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு, "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று தகரக் கொட்டகை வாசலில் வந்து நின்றார். அந்தக் கொட்டகைதான் ஆய்வுக்கூடம்.

டீச்சர் முதல் நாளே ஓர் அம்மாவின் தாடையை அவர் கையில் கொடுத்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அம்மா.

"பாத்துக்கிட்டிருங்க டாக்டர், இந்தா வந்துருதேன்."

அவர் திரும்பி வந்தபோது டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, கையில் கொக்கி ஊசியோடு, அந்த அம்மாவின் பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டத் தயாராக இருந்தார். பழக்க தோஷம். காரையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"என்ன செய்யுதீங்க?"

"ஒரே காரையா இருக்கு டீச்சர். சுத்தம் பண்ணிட்டா பல்லு நல்லாத் தெரியும்லா."

"அவங்க சாப்பிட்ட சாப்பாட்டைத் தூக்கிப் போடப் பாக்கீங்களே!"

டாக்டருக்கு விளங்கவில்லை. டீச்சர் அந்தக் காரையில் ஒரு துணுக்கு எடுத்துக் கரைத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, மைக்ராஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"என்ன தெரியுது?"

"சின்னச் சின்னதா மணி மாதிரி. மூலை மூலையா இருக்கு."

"வரகு. அவங்க வாயில அரைபட்ட வரகு. பக்கத்துல கறுப்பா இருக்கே, அது?"

"அழுக்கு?"

"அடுப்புக் கரி. புகைக்குள்ளேயே உக்காந்து சமைச்சிருக்காங்க. மூச்சோட உள்ள போயிருக்கு."

டாக்டர் கண்ணை எடுக்கவே இல்லை. காரை என்றால் இத்தனை காலமும் அவருக்கு எதிரி. எத்தனை பேருடைய சோற்றையும் புகையையும் சுரண்டி எடுத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அன்றிலிருந்து கொக்கி ஊசியைக் கொட்டகைக்குக் கொண்டுவருவதை நிறுத்தினார்.

அதன் பிறகு அந்த அம்மாவை இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டார்கள். கடைவாய்ப் பற்கள் மழுங்கிக் கிடந்தன. அம்மியிலோ திருகையிலோ அரைத்த மாவில் கல்பொடியும் சேர்ந்து வந்திருக்கும் என்றார் டீச்சர். முன்பல் ஒன்றின் விளிம்பில் குறுகலாக ஒரு வெட்டு இருந்தது. அது என்னவென்று டீச்சருக்கே பிடிபடாமல் இருந்தது.

"இது எனக்குத் தெரியுமே!" என்று டாக்டர் துள்ளினார். "டெய்லருங்க பல்லு இப்படித்தான் இருக்கும். நூலைக் கடிச்சுக் கடிச்சே அறுத்துருவாங்க. எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்!"

டீச்சர் லென்ஸை வைத்துப் பார்த்தார். "ஆமா. எதையோ பல்லுல கடிச்சு இழுத்திருக்காங்க. நாரா இருக்கும். பனையா, தாழையா, அது தெரியலை."

"பாய் முடைஞ்சிருப்பாங்களோ?"

"இருக்கலாம். வலையும் பின்னியிருக்கலாம்."

குரு தன்னிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டார் என்பதில் டாக்டருக்கு ஏக குஷி. அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் வடை அவர் செலவு.

மறுநாள் டீச்சர் அதே முன்பல்லில், ஈறுப் பக்கமாக, விரலை வைத்தார். பல்லின் குறுக்கே மெல்லிய பள்ளமாக ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

"இது?"

டாக்டரின் குஷி இறங்கிவிட்டது.

"இதுவும் தெரியும் டீச்சர். பல்லு உள்ளுக்குள்ள வளர்ற வயசுல பெரிய காய்ச்சலோ பட்டினியோ வந்தா விழுற கோடு. இருக்கிற இடத்தைப் பாத்தா மூணு வயசு. எம் பிள்ளைக்கும் இதே இடத்துலதான் இருக்கு."

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"கோமதிக்கு மூணு வயசுல டைபாய்டு. ஆஸ்பத்திரியில ஒரு பருக்கை உள்ள இறங்கலை. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. எப்படியோ பொழச்சு வந்துட்டா. ஏழு வயசுல முன்பல்லு முளைக்கும்போது கோட்டோடதான் முளைச்சுது." அவர் தாடையை மேஜையிலிருந்த பஞ்சு மெத்தைமேல் வைத்தார். "இப்போ அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கு. சனிக்கிழமை ஊருக்கு வாரா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள நாலு முன்பல்லையும் ராவிட்டு, மேல பீங்கான் ஓடு ஒட்டிருவேன். அப்புறம் கோடு இருந்ததே தெரியாது."

"ராவின பல்லு?"

"அது திரும்ப வளராது டீச்சர். காலம் பூரா ஓட்டோடதான் இருக்கணும்."

"ம்" என்றார் டீச்சர்.

மாப்பிள்ளை வீடு என்பது ஒரு சாக்குதான். கோமதி சிரிக்கும்போதெல்லாம் டாக்டரின் கண் அந்தக் கோட்டில் போய் நிற்கும். உடனே ஆஸ்பத்திரி வராந்தா வந்துவிடும், ஈரத்துணி வாடை வந்துவிடும், பிள்ளையின் கண் செருகியது வந்துவிடும். இத்தனை வருஷமாகியும் அந்தப் பயம் அவரை விடவில்லை. கோட்டை மூடிவிட்டால் பயமும் மூடிக்கொள்ளும் என்று அவர் நம்பினார். மகளிடம் சனிக்கிழமை காலையில் கிளினிக்குக்கு வந்துவிடு என்று போனில் சொல்லியாயிற்று. எதற்கென்று சொல்லவில்லை. பல் விஷயத்தில் வீட்டில் யாரையும் கலந்துகொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். குழியில் வேலை செய்தவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். டாக்டர் ஊருக்குக் கிளம்பத் துணிப்பையை எடுத்து வைத்துவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"டீச்சர், இந்த ஊரு ஜனங்க மொத்தத்துல ஆரோக்கியமா இருந்தாங்களா?"

டீச்சர் எழுந்து இரண்டு தட்டுகளை மேஜையில் வைத்தார். இதுவரை கிடைத்த தாடைகளை எல்லாம் பெட்டியோடு அவர் முன்னால் நகர்த்தினார்.

"ஆரோக்கியமானவங்களை வலது தட்டுல வைங்க. நோயாளிங்களை இடது தட்டுல வைங்க. அப்புறம் பேசுவோம்."

இதைவிட டாக்டருக்கு வேறென்ன வேண்டும்? வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை. ஒவ்வொரு தாடையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொத்தை இருந்தால் இடது. கோடு இருந்தால் இடது. தேய்ந்து மழுங்கியிருந்தால் இடது. சுத்தமாக இருந்தால் வலது. ஒரு பெண்பிள்ளையின் பல்வரிசையைக் கண்டதும் அவருக்குக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

"முத்து மாதிரி பல்லு டீச்சர்! எங்க காலேஜ்ல இப்படி ஒரு வாய் கிடைச்சா பாடம் நடத்தவே வச்சுக்கிடுவோம்."

அதையும் வலது தட்டில் பதமாக வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது."

"வலது தட்டுல யாரு?"

"ஆரோக்கியமானவங்க. ஒரு குறை கிடையாது. என் கிளினிக்குக்கு வந்திருந்தா முதுகுல தட்டிக் குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"இடது தட்டு?"

"பாவப்பட்ட ஜனங்க. நோயிலயும் பட்டினியிலயும் அடிபட்டவங்க. நம்ம அம்மாவும் இங்கதான் இருக்காங்க."

டீச்சர் வலது தட்டைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே ஒரு சந்தேகம் டாக்டர்."

"கேளுங்க."

"இவ்வளவு ஆரோக்கியமா இருந்தவங்க இந்தத் தாழிக்குள்ள எதுக்கு வந்தாங்க?"

டாக்டர் குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தார். அவர் நாற்காலியில் வாய் திறந்து படுத்தவர்கள் எல்லோரும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். இந்தத் தட்டில் இருப்பவர்களில் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஒவ்வொருத்தருக்கா வயசு சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வயதெல்லாம் டாக்டருக்குத் தெரியாமல் இல்லை. வாய்விட்டுச் சொல்லித்தான் பார்க்கவில்லை.

"இது ரெண்டு. இது மூணு இருக்கும். இதுவும் மூணு. இது கைப்பிள்ளை…" குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. "இந்த முத்துப் பல்லு… பதினாறு."

"அந்தப் பக்கம்?"

"நாப்பது. இவருக்கு அம்பது தாண்டியிருக்கும். நம்ம அம்மா அறுபதை எட்டியிருப்பாங்க."

டீச்சர் வலது தட்டிலிருந்த ஒரு தாடையைச் சுட்டிக் காட்டினார்.

"அந்த மூணு வயசுத் தாடையை எடுங்க" என்றார் டீச்சர். "முன்பக்கம் எலும்பு உடைஞ்சிருக்கு பாருங்க. பால் பல்லுக்குப் பின்னால, உள்ள வளந்துக்கிட்டிருந்த பெரிய பல்லு இருக்கும். அதை எடுங்க."

டாக்டர் இடுக்கியை எடுத்தார். உடைந்த எலும்பின் வழியாக அதை மெல்ல இழுத்தார். வெளியே வந்தது முழுப் பல் அல்ல. உள்ளே ஒன்றுமில்லாத பாதிக் குப்பி. விளிம்பு முட்டை ஓடு போல மெல்லிதாக முடிந்திருந்தது.

"கோடு இருக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் போய்த் திருப்பிப் பார்த்தார். "இல்லை டீச்சர். வழவழன்னு இருக்கு."

"ஏன் இல்லை?"

"கோடு விழணும்னா, நின்னுபோன பல்லு மறுபடி வளரணும் டீச்சர். காய்ச்சல்ல நின்னு, உடம்பு தேறினதும் மறுபடி வளர ஆரம்பிக்கும்லா, அந்த இடத்துலதான்…"

நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"இது மறுபடி வளரலை."

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கவும் இல்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. அந்தப் பாதிப் பல்லை அதன் குழிக்குள்ளேயே திரும்ப வைத்தார். ரொம்ப மெதுவாக வைத்தார். பிறகு அந்த அம்மாவின் தாடையை இடது தட்டிலிருந்து எடுத்து, கோட்டை நகத்தால் தடவினார். கோட்டுக்குப் பிறகும் பல் வளர்ந்திருந்தது. வரகு தின்றிருந்தது, நார் இழுத்திருந்தது, அறுபது வயது வரை தேய்ந்திருந்தது. எல்லாமே அந்தக் காய்ச்சலுக்குப் பின்னால்.

"தட்டை மாத்தி வச்சிருதேன் டீச்சர். இவங்கதான் ஆரோக்கியமானவங்க."

"அவசரப்படாதீங்க. அந்த முத்துப் பல்லுப் பிள்ளையைப் பாம்பு கடிச்சிருக்கலாம், ஆத்து வெள்ளம் கொண்டு போயிருக்கலாம். சாவு எல்லாமே பல்லுல எழுதியிருக்காது."

"அப்போ நான் கேட்டதுக்கு என்னதான் பதில்?"

"தெரியலை. இன்னும் தோண்டணும்."

டாக்டர் தாடையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகும் பஸ் பரம்புக்குக் கீழே ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், இந்தக் கோடு இவங்களுக்குப் பிடிச்சிருக்குமா? இல்லை, சிரிக்கும்போது கையால வாயைப் பொத்திக்கிட்டிருப்பாங்களா?"

"பல்லு அதைச் சொல்லாது."

"அதைத் தெரிஞ்சுக்க வேற வழியே கிடையாதா?"

"கிடையாது."

டாக்டர் நிமிர்ந்தார்.

"நாளைக்குக் கோமதி வந்து நாற்காலியில உக்காருவா. நீங்களே சொல்லுங்க. அவ கோட்டை நான் மூடவா, விடவா?"

டீச்சர் அவர் கையிலிருந்த தாடையை வாங்கி மெத்தைமேல் வைத்தார்.

"இந்த அம்மாகிட்ட பேச வழியில்லை. அதனாலதான் பல்லைக் குடைஞ்சு கேட்டுக்கிட்டிருக்கேன். கோமதி உயிரோட இருக்கா டாக்டர். அவகிட்டயே கேளுங்க."